தானாக வேகம் கூட்டும் மதர்போர்டு: அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிப்பது எப்படி

சித்திரை பிறந்துவிட்டால் என் மேசைக்கு வரும் கம்ப்யூட்டர்களில் நிறையவற்றுக்கு ஒரே கதைதான். “தை மாசம் வரைக்கும் நல்லா ஓடுச்சுண்ணே, இப்ப மத்தியானம் ஆனா அணைஞ்சிடுது.” காரைக்குடியில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான் வரைக்கும் போய்ப் பார்ப்பதுண்டு. கல்யாண வீடியோ ஸ்டுடியோக்கள், டி.டி.பி. கடைகள், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்கள், லீவுக்கு வந்து கேம் ஆடும் பிள்ளைகள் என்று எல்லாரும் வருகிறார்கள். பலர் வரும்போதே எஸ்.எம்.பி.எஸ்ஸையோ (கரண்டு கொடுக்கும் பெட்டி) ராமையோ மாற்றிவிட்டு, பணமும் போய், கோளாறும் போகாமல் வந்து நிற்பார்கள்.

திறந்து பார்த்தால் பல தடவை பொருளில் குறை இருக்காது. பயாஸுக்குள், அதாவது மதர்போர்டின் சொந்த செட்டிங் பக்கங்களுக்குள், ஒரு வரி ப்ராசஸரை அதன் அளவுக்கு மேல் ஓட்டச் சொல்லியிருக்கும். அதை யாரும் போட்டிருக்க மாட்டார்கள், போர்டே போட்டுக்கொண்டிருக்கும். பொருள் வாங்கக் கடைக்குப் போகும் முன் அந்த வரியை ஒரு தடவை நிறுத்திப் பார்த்துவிடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வரிக்குக் கம்பெனிக்குக் கம்பெனி பெயர் வேறு. ஏசுஸ் போர்டில் ‘மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட்’. ஜிகாபைட்டில் ‘என்ஹான்ஸ்டு மல்டி-கோர் பெர்ஃபாமன்ஸ்’. எம்.எஸ்.ஐ.யில் ‘என்ஹான்ஸ்டு டர்போ’, அதோடு ‘கேம் பூஸ்ட்’. ஏ.எம்.டி. ப்ராசஸர் என்றால் ‘ப்ரெசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ்’, சுருக்கமாக பி.பி.ஓ. ராமை அதில் எழுதியிருக்கும் வேகத்துக்கு ஏற்றும் வரிக்கு எக்ஸ்.எம்.பி., எக்ஸ்போ, டி.ஓ.சி.பி. மல்டிகோர், டர்போ வரிகளில் ‘ஆட்டோ’ என்று இருந்தால் ‘ஆஃப்’ என்று நினைத்துவிடாதீர்கள். பல போர்டுகளில் ஆட்டோ என்றால் ஆன்தான். ‘டிசேபிள்டு’ என்று நீங்களே மாற்றினால்தான் அது நிற்கும்.

## கை வைப்பதற்கு முன்

விண்டோஸ் 11 சிஸ்டமாக இருந்தால் முதலில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். பயாஸை மாற்றினாலோ அப்டேட் செய்தாலோ சில சிஸ்டங்கள் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நின்றுவிடும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், ஆனால் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு வீட்டில் யாருக்கும் தெரியாது. இப்படி இரண்டு வீடுகளில் நான் சிக்கியிருக்கிறேன். இப்போதெல்லாம் அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி வாங்காமல் பயாஸுக்குள் போவதில்லை.

அப்புறம் ஒரு பேக்கப். அதற்குப் பிறகு பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடியுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றி, கோளாறும் போய்விட்டால், எதனால் போனது என்று அடுத்த மாதம் அது திரும்ப வரும்போது தெரியாது.

## அறிகுறி: ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை

புது ராம் போட்ட பிறகா, எக்ஸ்.எம்.பி. ஆன் செய்த பிறகா?

டி.டி.ஆர்5 (புதிய தலைமுறை ராம்) போர்டு என்றால் முதலில் காத்திருங்கள். ராமைப் பழக்கிக்கொள்ள அது சில நிமிடங்கள் எடுக்கும், அதுவரை திரை கருப்பாகவே இருக்கும். பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். இரண்டாவது நிமிடத்திலேயே பயந்து பவரை அணைத்தால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

பத்து நிமிடத்துக்குப் பிறகும் வரவில்லை என்றால், அல்லது டி.டி.ஆர்4 போர்டு தானாக ஆன் ஆகி, அணைந்து, மறுபடி ஆன் ஆகிக்கொண்டே இருந்தால், சிமாஸை, அதாவது பயாஸ் செட்டிங்குகள் சேமித்திருக்கும் இடத்தை, அழிக்க வேண்டும். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் வட்டமான பேட்டரிக்குப் பக்கத்தில் ‘கிளியர் சிமாஸ்’ என்ற பொருளில் எழுதிய இரண்டு ஊசிகள் இருக்கும். ஸ்குரூடிரைவர் முனையால் அவை இரண்டையும் சேர்த்துப் பத்து விநாடி தொட்டு எடுங்கள். ஊசி தென்படவில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் வெளியே வைத்தால் போதும்.

அதற்குப் பிறகும் வரவில்லை

ராமை எல்லாம் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும், ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள். வரவில்லை என்றால் அதே ஸ்லாட்டில் அடுத்த ஸ்டிக். ராமின் தங்கக் கால்களை மென்மையான அழிப்பானால் ஒரு தடவை துடைப்பது பழைய வைத்தியம்தான், ஆனாலும் பலிக்கிறது. புதுவயலில் அரிசி ஆலைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் சிஸ்டங்களில் தவிட்டுத்தூள் ஸ்லாட்டுக்குள்ளேயே இறங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே ப்ளோயர் அடிக்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

ஒற்றை ஸ்டிக்கிலும் எந்த ஸ்லாட்டிலும் படம் வரவில்லை என்றால் ஆளைக் கூப்பிடுங்கள். இனிப் பார்க்க வேண்டியது சாக்கெட் ஊசி, போர்டு, எஸ்.எம்.பி.எஸ். மாற்றுப் பொருள் கையில் இல்லாமல் இவற்றைச் சோதிக்க முடியாது.

படம் வந்துவிட்டது, ஆனால் எக்ஸ்.எம்.பி. போட்டால் மறுபடி போகிறது

அந்த வேகம் அந்த ஜோடிக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். 3600 என்று எழுதியிருந்தால் 3400, 3200 என்று ஒவ்வொரு படியாகக் குறைத்துப் பாருங்கள். இரண்டு ஸ்டிக் இருந்தால் அவை இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். முதல் இரண்டு ஸ்லாட்டில் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருப்பதை வாரம் ஒன்றாவது திருத்துகிறேன்.

## அறிகுறி: ‘ஓவர்க்ளாக்கிங் ஃபெயில்டு’ என்று எழுதி, எஃப்1 அழுத்தச் சொல்கிறது

ஓவர்க்ளாக் என்றால் அளவுக்கு மேல் வேகமாக ஓட்டுவது. “நான் ஓவர்க்ளாக்கே பண்ணலையே” என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான்.

தேதி 2015, 2019 என்று பின்னால் போயிருந்தால்: சிமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கிறது. சி.ஆர்.2032 என்று கேட்டால் கடிகாரக் கடையிலும் கிடைக்கும். ஊருக்குப் போகும்போது மெயினையே அணைத்துவிட்டு மாதக்கணக்கில் பூட்டி வைக்கும் வீடுகளில் இது சீக்கிரம் தீரும். நம் பக்கத்தில் அப்படிப் பூட்டிய வீடுகள் நிறைய. விசேஷத்துக்கு வந்து திறந்து சிஸ்டத்தைப் போட்டால் முதலில் வருவது இந்தச் செய்திதான்.

தேதி சரியாக இருக்கிறது, நேற்று கரண்டு போய்ப் போய் வந்தது என்றால்: சிஸ்டம் எழும்பிக்கொண்டிருக்கும்போது பாதியில் கரண்டு போனால், முந்தைய முயற்சி தோற்றுவிட்டது என்று போர்டு எடுத்துக்கொள்ளும். அதைத்தான் ஓவர்க்ளாக் மேல் பழி போட்டு எழுதுகிறது. எஃப்1 அழுத்தி உள்ளே போய், எதையும் மாற்றாமல் சேமித்து வெளியே வாருங்கள். மறுபடி வராவிட்டால் அவ்வளவுதான், செலவு ஒன்றுமில்லை.

கரண்டும் போகவில்லை, தேதியும் சரி, தினமும் வருகிறது என்றால்: எக்ஸ்.எம்.பி.யை அணைத்து மூன்று நாள் ஓட்டுங்கள். நின்றுவிட்டால் மேலே சொன்னபடி வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து எது நிலைக்கிறது என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் பிராசஸர் பக்கத்துத் தானியங்கி செட்டிங்கை அணையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பயாஸ் அப்டேட். கரண்டு நிலையாக இருக்கும் நேரம் பார்த்து, யூ.பி.எஸ்ஸில் போட்டு, எல்லாவற்றையும் டிஃபால்ட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அப்டேட். பாதியில் நின்றால் போர்டு எழும்பாமல் போகலாம். யூ.பி.எஸ். இல்லை என்றால் அதை நீங்கள் செய்யாதீர்கள், கடைக்குக் கொண்டு போங்கள்.

## அறிகுறி: காலையில் ஓடுகிறது, மத்தியானம் அணைகிறது அல்லது மந்தமாகிறது

இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிட்டிருக்கிறேன்.

கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி வீடு. பேரன் படிப்புக்கு வாங்கிய சிஸ்டம், நல்ல கட்டமைப்பு. இரண்டு பேர் வந்து பார்த்து எஸ்.எம்.பி.எஸ். போச்சு, போர்டு போச்சு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நான் போய்க் கழற்ற ஆரம்பித்தபோது ஆச்சி வந்து உட்கார்ந்தார். “தம்பி, கீழே வளவுக்குப் பக்கத்து அறையில இருந்தப்ப ஒண்ணும் பண்ணலப்பா. அவன் மேல மாடிக்குக் கொண்டு போனதுலேருந்துதான் இப்பிடி.” கோளாறு அவ்வளவுதான். கீழே அரை முழத்துக்கு மேல் கனமான சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பக்கத்திலேயே திறந்த முற்றம். மேலே பிற்பாடு கட்டிய ஒற்றை அறை, நேரடி வெயில் இறங்கும் கான்கிரீட் தளம். “நீங்க சொன்னதுதான் ஆச்சி காரணம்” என்று சொல்லி, மல்டிகோர் வரியை அணைத்து, பவர் அளவை இறக்கிவிட்டு வந்தேன். அதன்பிறகு அந்த வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை.

கணக்கு எளிது. கூலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அறையின் சூட்டுக்கு மேலேதான் ப்ராசஸர் நிற்கும். மார்கழியில் அறை 26 டிகிரி, வேலை கொடுத்தால் ப்ராசஸர் 84 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வேலை, அதே கூலர், சித்திரை மத்தியானம் அறை 38 என்றால் ப்ராசஸர் 96 ஆகிவிடும். இன்டெல் ப்ராசஸர்கள் பலவற்றுக்கு 100 டிகிரிதான் எல்லை. குளிர்ந்த மாதத்தில் சோதித்துச் சரி என்று விட்ட செட்டிங் வெயிலில் கவிழ்வது இதனால்தான். எந்தச் சோதனையையும் சிஸ்டம் இருக்கும் அறையிலேயே, மதியம் இரண்டு மணிக்குச் செய்யுங்கள். என் கடையின் ஏ.சி.யில் வைத்துப் பார்த்துச் சரி என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை.

முதல் சோதனை

எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு ப்ராசஸர் வெப்பத்தையும் வாட் அளவையும் திறந்து வையுங்கள். ப்ராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் ஆர்23-ஐப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். இரண்டு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வெப்பம் சில விநாடிகளிலேயே 100-ஐத் தொட்டால்

கூலர் சரியாக உட்காரவில்லை. இன்டெல்லோடு வரும் கூலருக்கு நான்கு மூலையிலும் அழுத்தும் ஊசி இருக்கும். நான்கில் ஒன்று தளர்ந்திருந்தாலும் போதும். டவரைப் படுக்க வைத்து ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். சரியாக இருந்தால் கழற்றிப் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பட்டாணி அளவு வையுங்கள். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

மெதுவாக ஏறி, ஐந்தாறு நிமிடத்தில் 95-ஐத் தாண்டினால்

இப்போது வாட் எண்ணைப் பாருங்கள். ஐ5 12400-க்கு இன்டெல் சொல்லும் அளவு 65 வாட், டர்போவில் அதிகபட்சம் 117. ஐ7 12700-க்கு 65, 180. உங்கள் சிஸ்டம் முழு நேரமும் இரண்டாவது எண்ணிலேயே நின்றாலோ அதைத் தாண்டினாலோ போர்டு வரம்பைத் தூக்கிவிட்டிருக்கிறது. பயாஸில் போய்ப் பார்த்தால் பி.எல்.1 (தொடர்ந்து ஓடும் அளவு), பி.எல்.2 (டர்போ அளவு) இரண்டிலும் 4095 அல்லது 4096 வாட் என்று இருக்கும். வரம்பே இல்லை என்று பொருள்.

மேலே சொன்ன மல்டிகோர் வரியை டிசேபிள் செய்யுங்கள். அப்புறம் பி.எல்.1, பி.எல்.2 இரண்டிலும் இன்டெல்லின் எண்ணை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். புதிய பயாஸ்களில் ‘இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்’ என்று ஒரு தேர்வே இருக்கிறது, அதை எடுத்தால் வேலை எளிது. ரெண்டர் (வீடியோவைக் கட்டி முடிக்கும் வேலை) முடியக் கொஞ்சம் நேரம் கூடும், ஸ்டுடியோக்காரர்களுக்கு அது கசக்கும். நல்ல டவர் கூலர் இருந்தால் 12700-இல் பி.எல்.1-ஐ 100 வரை ஏற்றி, அன்றைய மத்தியானமே மறுபடி சோதித்து, 85 டிகிரிக்குள் நின்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

ஏ.எம்.டி.யில் பி.பி.ஓ.வை டிசேபிள் செய்யுங்கள். போதாவிட்டால் பவரைக் குறைக்கும் ‘ஈகோ மோட்’ இருக்கிறது, 65 வாட் போதும். ஒரு விஷயம்: ரைசன் 7000 ப்ராசஸர்கள் கனமான வேலையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. சிஸ்டம் அணையவில்லை, வேகமும் விழவில்லை என்றால் 95-ஐப் பார்த்துப் பதற வேண்டாம்.

வெப்பம் 70-தான், ஆனால் வேகம் திடீரென்று 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே விழுகிறது

ப்ராசஸர் நன்றாக இருக்கிறது. அதற்குக் கரண்டு பிரித்துக் கொடுக்கும் பகுதி, ப்ராசஸர் சாக்கெட்டைச் சுற்றியுள்ள சதுரமான சிறு கட்டிகள், சூடாகித் தற்காப்புக்கு வேகத்தைக் குறைக்கிறது. விலை குறைந்த போர்டுகளில் இவற்றின் மேல் அலுமினியத் தகடுகூட இருக்காது. அந்தப் போர்டில் ஐ7 போட்டுத் தானியங்கி வேகத்தையும் ஆன் செய்தால் தாங்காது. பவர் அளவை இறக்குங்கள், கேபினட்டின் பின்பக்கம் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஒன்று போடுங்கள், சில நூறு ரூபாய்தான். நாள் முழுக்க ரெண்டர் ஓடும் இடம் என்றால் கடைசியில் போர்டைத்தான் மாற்ற வேண்டிவரும்.

வெப்பமும் சரி, வாட்டும் சரி, ஆனாலும் பொட்டென்று அணைகிறது

விண்டோஸில் நடந்ததைப் பதிந்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்று இருக்கும். அதைப் பார்த்ததும் எஸ்.எம்.பி.எஸ். போச்சு என்று சொல்கிறவர்கள் உண்டு. முறைப்படி அணையாமல் திடீரென்று நின்றது என்பதைத்தான் அந்த 41 சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. எல்லாத் தானியங்கி வேகத்தையும் அணைத்தும் இப்படி அணைந்தால் எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. தெரிந்த கடையில் ஒன்றை இரவலாக வாங்கி இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். வாங்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

## அறிகுறி: ப்ளூ ஸ்கிரீன் வருகிறது, கோப்புகள் கெடுகின்றன

திரையில் வரும் பெயரைப் படம் பிடியுங்கள். ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்றோ, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர் என்றோ வந்தால் ராம் பக்கம் பாருங்கள். ‘க்ளாக் வாட்ச்டாக் டைம்அவுட்’ அல்லது ‘வீயா அன்கரெக்டபிள் எரர்’ என்றால் ப்ராசஸர் பக்கம்.

ராம் கோளாறைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தேவகோட்டையில் ஒரு ஸ்டுடியோ நண்பர், கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் செய்தால் நடுவில் பச்சைக் கட்டம் கட்டமாக வருகிறது என்றார். மென்பொருளை மூன்று தடவை மறுபடி போட்டிருந்தார். 8 ஜிபி ஸ்டிக் ஒன்று முதலில் வாங்கியது, இன்னொன்று இரண்டு வருடம் கழித்து வேறு கம்பெனியில் வாங்கியது, இரண்டுக்கும் சேர்த்து எக்ஸ்.எம்.பி. ஆன். சோதனையில் நூற்றுக்கணக்கில் பிழை. எக்ஸ்.எம்.பி.யை அணைத்ததும் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் அதற்குள் ஒன்று நடந்துவிட்டது. கேமரா கார்டிலிருந்து அந்தச் சிஸ்டம் வழியாகத்தான் காப்பி எடுத்தார், கார்டை ஃபார்மட்டும் செய்துவிட்டார். காப்பி எடுக்கும்போதே கோப்பு கெட்டிருந்தது. திருப்பூட்டும் (தாலி கட்டும்) காட்சியில் சில நிமிடங்கள் திரும்பக் கிடைக்கவே இல்லை. அந்த வீட்டாருக்கு அதை யார் ஈடு செய்ய முடியும்? அந்த நண்பர் போய்ச் சொல்லும்போது நானும் கூடப் போனேன்.

அதனால், ப்ளூ ஸ்கிரீன் இரண்டு தடவை வந்துவிட்டால் அந்தச் சிஸ்டத்தில் எதையும் காப்பி எடுக்காதீர்கள், கார்டை அழிக்காதீர்கள். முதலில் எக்ஸ்.எம்.பி.யை அணையுங்கள்.

பிறகு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ பென் டிரைவில் போட்டு, அதிலிருந்து சிஸ்டத்தை எழுப்பி, நான்கு சுற்று முழுதாக ஓடவிடுங்கள். 16 ஜிபிக்குச் சில மணி நேரம் ஆகும், இரவில் போட்டுவிட்டுப் படுக்கலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், ‘ஒண்ணுதானே’ என்று விடக்கூடாது.

எக்ஸ்.எம்.பி. இல்லாமலே பிழை வருகிறதா? ஸ்டிக்குகளைத் தனித்தனியாகச் சோதியுங்கள். பிழை ஒரே ஸ்டிக்கைத் தொடர்ந்து போனால் அதை வாரண்டிக்கு அனுப்புங்கள், பல கம்பெனிகள் ராமுக்கு நீண்ட வாரண்டி தருகின்றன. பிழை ஒரே ஸ்லாட்டில் மட்டும் வந்தால் போர்டு அல்லது சாக்கெட். அதைப் பிரித்துப் பார்ப்பது கடைக்காரர் வேலை.

எக்ஸ்.எம்.பி. இருந்தால் மட்டும் பிழை வருகிறதா? ஸ்டிக் கெடவில்லை. வேகத்தைக் குறைத்தால் போதும். எக்ஸ்.எம்.பி. இல்லாவிட்டால் பல டி.டி.ஆர்4 ஸ்டிக்குகள் 2133, 2400, 2666 என்ற அளவில் ஓடும். எடிட்டிங்கில் அந்த வேறுபாட்டை நீங்கள் உணர்வதே கஷ்டம். மெய்யான வேகம் வேண்டுமென்றால் ஒரே பெட்டியில் ஜோடியாக விற்பதை வாங்குங்கள்.

ரைசன் 7000 வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2023-இல் எக்ஸ்போ ஆன் செய்த சில போர்டுகள் எஸ்.ஓ.சி. வோல்டேஜை (ப்ராசஸரின் ஒரு பகுதிக்குப் போவது) அளவுக்கு மேல் ஏற்றியதில் ப்ராசஸர்கள் கருகின. அதன்பிறகு அந்த வோல்டேஜை 1.3 வோல்ட்டுக்குள் கட்டிப்போடும் பயாஸ் வந்தது. உங்கள் போர்டு பயாஸ் அதற்கு முந்தையது என்றால், எக்ஸ்போவை இன்றே அணைத்து, அப்டேட் செய்த பிறகு போடுங்கள்.

## அறிகுறி: மற்றதெல்லாம் ஓடுகிறது, சில கேம்களும் கோப்பு விரிப்பதும் மட்டும் தோற்கின்றன

கிராஃபிக்ஸ் கார்டில் மெமரி நிறைய இருந்தும் ‘அவுட் ஆஃப் வீடியோ மெமரி’ என்று வருவது, பெரிய ஜிப் கோப்பை விரித்தால் சி.ஆர்.சி. பிழை (கோப்பு கெட்டிருக்கிறது) என்பது. ப்ராசஸர் இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையில் ஐ5 13600கே முதல் ஐ9 14900கே வரையிலானதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டை மாற்ற ஓடாதீர்கள்.

அந்த ப்ராசஸர்கள் அளவுக்கு மீறிய வோல்டேஜால் நாளாக நாளாகத் தேய்கின்றன என்று 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்று மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள் கட்டளை) திருத்தங்கள் பயாஸ் வழியாக வந்தன. வாரண்டியையும் இரண்டு வருடம் கூட்டி ஐந்தாக்கியது.

பயாஸை அப்டேட் செய்து, ‘இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்’ எடுத்து ஒரு வாரம் ஓட்டுங்கள். கோளாறு போனால் நல்லது. போகவில்லை என்றால் பெர்ஃபாமன்ஸ் கோர்களின் வேகத்தை முடிவு செய்யும் பெருக்கு எண்ணை இரண்டு மூன்று குறைத்துப் பாருங்கள். அப்போது மட்டும் சரியானால் ப்ராசஸர் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. திருத்தம் இனிமேல் தேயாமல் காக்கும், தேய்ந்ததைத் திருப்பித் தராது. குறைத்தபடியே ஓட்டிக்கொண்டு இருக்காமல் பில்லை எடுத்து வாரண்டிக்கு அனுப்புங்கள். அனுப்பி வாங்கி வரும் சில வாரங்களுக்குப் பயந்து விட்டுவிட்டால் வாரண்டி நாள் போய்விடும்.

## அறிகுறி: யூ.பி.எஸ். இருந்தும் கரண்டு போனால் சிஸ்டமும் அணைகிறது

முதலில் பேட்டரியைப் பாருங்கள். சிஸ்டத்தைப் பிடுங்கிவிட்டு மானிட்டரை மட்டும் யூ.பி.எஸ்ஸில் போட்டு, மெயினை அணையுங்கள். அதற்கே ஓரிரு நிமிடம்தான் தாங்குகிறது என்றால் பேட்டரி முடிந்தது.

மானிட்டரைத் தாங்குகிறது, சிஸ்டம் சும்மா இருக்கும்போதும் தாங்குகிறது, ரெண்டர் ஓடும்போது மட்டும் விழுகிறதா? கூட்டிப் பாருங்கள். சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 வி.ஏ. யூ.பி.எஸ். 360 வாட்தான் தரும். வரம்பு தூக்கிய ஐ7 180, ஆர்.டி.எக்ஸ் 3060 கார்டு 170, இதிலேயே 350 ஆகிவிட்டது. மானிட்டர், போர்டு, டிஸ்க் எல்லாம் இதற்கு மேல். தானியங்கி வேகத்தை அணைத்து ப்ராசஸரை 65 வாட்டுக்கு இறக்கினால் நூறு வாட்டுக்கு மேல் மிச்சம், அதே யூ.பி.எஸ். தாங்கும். பெரிய யூ.பி.எஸ். வாங்க வந்தவர்களை இப்படிச் சிலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

## அறிகுறி: அணைத்த செட்டிங் திரும்ப ஆன் ஆகிவிடுகிறது

சேமிக்காமல் வெளியே வந்திருக்கலாம், எஃப்10 அழுத்தினீர்களா? அடுத்து, போர்டிலேயே ஒரு சின்ன சுவிட்சோ குமிழோ இருக்கலாம். பழைய எம்.எஸ்.ஐ. போர்டுகளில் ‘ஓ.சி. ஜீனி’, பிறகு ‘கேம் பூஸ்ட்’ குமிழ், பழைய ஏசுஸில் ‘டி.பி.யு.’ சுவிட்ச். அது ஆனில் இருந்தால் பயாஸில் எத்தனை தடவை அணைத்தும் பயனில்லை.

அது இல்லை என்றால் விண்டோஸுக்குள் பாருங்கள். போர்டோடு வந்த கம்பெனி மென்பொருள் ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் தன் ப்ரொஃபைலைத் திணிக்கும். நீக்கிவிடுங்கள், அது இல்லாமல் சிஸ்டம் நன்றாகவே ஓடும். ஏ.எம்.டி. கிராஃபிக்ஸ் டிரைவரும் 2022-இல் ப்ராசஸரின் பி.பி.ஓ.வைத் தானாக மாற்றியதுண்டு, அதன் ட்யூனிங் பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

பயாஸ் அப்டேட் செய்த பிறகு திரும்ப வந்தால் வியப்பில்லை, அப்டேட் எல்லாவற்றையும் கம்பெனி டிஃபால்ட்டுக்குக் கொண்டுபோகும். ‘லோட் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ்’ என்பதும் அப்படியே. அது போர்டுக் கம்பெனியின் டிஃபால்ட், ப்ராசஸர் கம்பெனியின் டிஃபால்ட் இல்லை. மல்டிகோர் வரி அதில் ஆட்டோவுக்கே போகும். ஆரம்பத்தில் எடுத்த படங்கள் இங்கேதான் உதவும்.

## எப்போது கையை எடுக்க வேண்டும்

கருகிய வாடை, போர்டில் உப்பிய கேப்பாசிட்டர், சாக்கெட்டில் வளைந்த ஊசி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நிறுத்துங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே அடிக்கிற அளவுக்குக் கரண்டு நிற்கும்.

கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்று இழுக்கிறது என்றால் கம்ப்யூட்டர் ஆளைவிட முதலில் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். நம் பழைய வீடுகள் பலவற்றில் மரச்சட்டத்தின் மேல் ஓடும் அந்தக் கால வயரிங்தான் இன்னும் இருக்கிறது. சுவரில் மூன்று துளை பிளக் இருக்கும், எர்த் கம்பி எங்கும் போயிருக்காது. எர்த் சரியில்லாத வீட்டில் பயாஸ் செட்டிங்கை மாற்றிக்கொண்டு இருப்பது வீண் வேலை, ஆபத்தும்கூட.

மற்றபடி, மேலே உள்ளதை எல்லாம் செய்து, எல்லாத் தானியங்கி வேகமும் அணைந்த நிலையிலும் கோளாறு தொடர்ந்தால், கொண்டு வாருங்கள். பயாஸ் படங்கள், ப்ளூ ஸ்கிரீன் படம், நீங்கள் எழுதிய வெப்ப, வாட் எண்கள், எந்த நேரத்தில் வருகிறது என்ற குறிப்பு, பில் எல்லாம் கூடவே வேண்டும். வண்டியில் டவரை நிற்க வைக்காதீர்கள். பக்கக் கண்ணாடி மேலே பார்க்கும்படி படுக்க வைத்து, கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். குலுங்கிக் குலுங்கி வரும் வழியில் ஸ்லாட் உடைந்தால், வந்த கோளாறோடு இன்னொன்றும் சேர்ந்துவிடும்.